பழைய குதிரையை ஏலத்தில் விற்று, அங்கேயே இளையதை வாங்கலாமா?

கேள்வி இதுதான். பென்சில்வேனியாவில் சிறு பண்ணை வீடு வைத்திருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம். அவர்களிடம் 23 வயதுக் குதிரை ஒன்று இருக்கிறது. மகள் அதில்தான் ஏறிப் பழகினாள். இப்போது மூட்டு வலி வந்துவிட்டதால் அதன்மேல் ஆள் ஏற முடியாது. தீனி விலை ஏறிக்கொண்டே போவதால் இரண்டு குதிரை வைத்துக்கொள்ள வசதியில்லை. பக்கத்து ஏலத்தில் இளம் குதிரைகளே 600, 700 டாலருக்குப் போகின்றன. பழையதை அங்கே விற்றுவிட்டு, கையிலிருந்து கொஞ்சம் போட்டு, அன்றைக்கே இளையது ஒன்றை ஓட்டி வந்துவிடலாமா என்று கேட்கிறார்கள்.

வாங்குவது முடியும், ஆனால் நிறையக் கவனம் வேண்டும். விற்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பதினான்கு வருடமாக இந்தப் பகுதியில் குதிரை வைத்திருக்கிறேன், ஏலத்தில் வாங்கியும் இருக்கிறேன். இரண்டுக்கும் காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் தீனிக் கணக்கு. இங்கே ஹே என்று சொல்வது நம் ஊர் வைக்கோல் கிடையாது. கதிர் அறுத்த பின் மிஞ்சும் தாள்தான் வைக்கோல். இது கால்நடைக்கென்றே வளர்த்து, சத்து இருக்கும்போதே அறுத்து, வெயிலில் காயவைத்துக் கட்டுகிற புல். திமோத்தி, ஆர்ச்சர்ட் புல், சில சமயம் குதிரைமசால். ஒரு குதிரை தன் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை தினமும் தின்ன வேண்டும். 500 கிலோ குதிரைக்கு நாளுக்கு 10 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 22 கிலோ கட்டாக வாங்கினால் வருடத்துக்கு 165 கட்டு ஆகிறது. நல்ல மேய்ச்சல் நிலம் இருந்தால் கோடை மாதங்களில் குறையும். நிலம் சிறியதாக இருந்தால் பெரிதாகக் குறையாது.

2020-இல் நான் கட்டுக்கு ஐந்தரை டாலர் கொடுத்தேன். போன வருடம் ஒன்பது. புல் தானாக முளைக்கிறது, ஏன் இவ்வளவு என்று தோன்றும். அதற்குப் போடும் தழைச்சத்து உரம் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அறுக்க, கட்ட, ஏற்றிவர டீசல் வேண்டும். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் இரண்டும் சேர்ந்து ஏறின. மழை பொய்த்தால் இன்னும் மோசம். 2011-இல் டெக்சாஸிலும், அடுத்த வருடம் மத்திய மேற்கு மாநிலங்களிலும் கடும் வறட்சி வந்தபோது, பல நூறு மைல் தாண்டியிருந்த ஊர்களிலிருந்து லாரி லாரியாகப் புல் போனது. எடைக்கு இடத்தை அடைக்கிற சரக்கு அது. தூரம் கூடக்கூட, புல்லுக்குக் கொடுப்பதை விட லாரிக்குக் கொடுப்பது அதிகமாகிவிடும்.

புல்லோடு முடியவில்லை. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பு சீவ ஆள் வர வேண்டும். லாடம் அடிக்காமல் சீவ மட்டும் எனக்கு 50 டாலர் ஆகிறது. வருடத்துக்கு ஒரு முறை பல்லை அராவ வேண்டும். டெட்டனஸ், வெறிநாய்க்கடி நோய், மூளைக்காய்ச்சல் வகைகள், வெஸ்ட் நைல் காய்ச்சல் என்று தடுப்பூசிகள் போட வேண்டும். எல்லாம் சேர்த்து, சொந்த லாயத்தில், எந்த நோயும் வராத வருடத்தில் எனக்கு ஒரு குதிரைக்கு 2,700 டாலர் பக்கம் ஆகிறது. எட்டு வயதுக் குதிரையை வாங்கினால் இன்னும் இருபது வருடம் அது உங்களோடு இருக்கலாம். இன்றைய விலையிலேயே 54,000 டாலர். இதில் ஏலத்தில் கொடுக்கிற 600 டாலர் ஒரு சிறு துளிதான். 600-க்குக் கிடைக்கிறதே என்பதற்காக வாங்குவது, இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் வாங்குவது.

அந்த 600 எப்படி வருகிறது? அதை அறிந்துகொண்டால்தான் விற்காதீர்கள் என்று ஏன் சொல்கிறேன் என்பது விளங்கும்.

நம் பகுதியில் பேர்பெற்ற ஏலம் லங்காஸ்டர் கவுண்டியில் நியூ ஹாலந்தில் திங்கட்கிழமை நடப்பது. வெளியே, கார் ஓட்டாத ஆமிஷ் என்ற மதப் பிரிவு மக்களின் குதிரை வண்டிகள் வரிசையாக நிற்கும். அவர்களுக்கு வண்டி இழுக்க ஸ்டாண்டர்ட்பிரெட் இனக் குதிரைகள் வேண்டும். வண்டிப் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றவற்றை வாங்குவார்கள். சவாரிப் பள்ளிக்காரர்கள் வருவார்கள், குதிரை வியாபாரிகள் வருவார்கள், உங்களைப் போன்ற குடும்பங்களும் வரும். இவர்களோடு இந்த மாதிரி ஏலங்களில் இன்னொரு ஆளும் உட்கார்ந்திருப்பார். இறைச்சிக்கு வாங்குபவர். அவருக்குக் குதிரையின் பெயரோ பழக்கமோ வேண்டாம், எடை போதும். பவுண்டுக்கு 50 சென்ட் என்று கணக்கு வைத்தால் 1,100 பவுண்டு குதிரைக்கு அவர் 550 டாலர் வரை போவார். மேலே யாராவது கேட்டால் விட்டுவிடுவார். யாரும் கேட்கவில்லை என்றால் அவருக்குத்தான். 600-க்குப் போகிற இளம் குதிரையை அவர் கையிலிருந்து ஐம்பது டாலர் வித்தியாசத்தில் யாரோ மீட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

அமெரிக்காவில் குதிரை அறுப்பதில்லையே என்று பலர் கேட்பார்கள். உண்மைதான். டெக்சாஸில் இரண்டும் இல்லினாயில் ஒன்றுமாகக் கடைசியாக இருந்த மூன்று கூடங்களும் 2007-இல் மூடப்பட்டன. ஆனால் வாங்குவது நிற்கவில்லை, லாரியின் தூரம்தான் கூடியது. கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் போக ஆரம்பித்தன. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2011-இல் கொடுத்த அறிக்கையில், 2010-இல் சுமார் 1,38,000 குதிரைகள் அப்படி எல்லை தாண்டியதாகச் சொல்கிறது. கூடங்கள் மூடுவதற்கு முன் அறுக்கப்பட்ட எண்ணிக்கைக்குக் கிட்டத்தட்ட சமம். குறைந்த, நடுத்தர விலைக் குதிரைகளின் விலை அதனால் நூற்றுக்கு 8 முதல் 21 வரை விழுந்ததாகவும் அதே அறிக்கை சொல்கிறது. லாரிச் செலவைக் கழித்துத்தான் இறைச்சிக்கு வாங்குபவர் ஏலம் கேட்பார், எனவே அடிமட்ட விலை இறங்கியது. இறங்கிய விலைக்கு விற்கவும் மனமில்லாமல், தீனி போடவும் முடியாமல் பட்டினியில் விட்டவர்களும் உண்டு. கொலராடோவில் குதிரை வதை, கவனிப்பின்மை பற்றிய விசாரணைகள் 2005-இல் 975 இருந்தது, 2009-இல் 1,588 ஆனது. பொருளாதாரச் சரிவும் அதே நேரத்தில் வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2015-இல் ஐரோப்பிய ஒன்றியம் மெக்சிகோவிலிருந்து குதிரை இறைச்சி வாங்குவதை நிறுத்தியது. அதன்பின் எல்லை தாண்டும் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. குறைந்தாலும் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில்தான் இருக்கிறது. அந்தப் பயணத்தில் கீழே இறக்கிவிடாமல், தீனி தண்ணீர் இல்லாமல் 28 மணி நேரம் வரை லாரியில் வைத்திருக்க அமெரிக்க விதி இடம் கொடுக்கிறது. உங்கள் 23 வயதுக் குதிரை மூட்டு வலியோடு 28 மணி நேரம் ஓடும் லாரியில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். ஏற முடியாத, நொண்டுகிற கிழட்டுக் குதிரையை ஏலம் கேட்கிற வட்டத்துக்குள் நடத்திப் போனால் 50 சென்ட் கணக்குக்கு மேல் கேட்க யாருக்கும் காரணம் இருக்காது. நல்ல வீட்டுக்குப் போகும் என்று வாயால் சொல்லிக்கொண்டு விற்கலாம். ஏலத்தில் அந்த நிபந்தனைக்கு மதிப்பு இல்லை. ஏலம் முடிந்த நொடியிலேயே குதிரை வாங்கியவருடையது.

நல்லது நடந்த கதையும் உண்டு. 1956 பிப்ரவரியில் ஹாரி டெலேயர் என்ற டச்சுக்காரர், நியூயார்க் பக்கம் ஒரு பள்ளியில் சவாரி கற்றுக்கொடுத்தவர், இதே நியூ ஹாலந்துக்குத் தாமதமாக வந்து சேர்ந்தார். ஏலம் முடிந்து, மிச்சக் குதிரைகளை இறைச்சி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே நின்ற ஒரு வெள்ளைக் குதிரையின் கண் அவரைப் பிடித்துக்கொண்டது. 80 டாலர் கொடுத்து இறக்கிக்கொண்டார். ஏர் உழுத குதிரை அது. பிறகு பக்கத்திலிருந்த ஒரு டாக்டருக்கு விற்றார். அது வேலி தாண்டித் தாண்டி அவரிடமே திரும்பி வந்தது. தாண்டத் தெரியும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதன் பெயர் ஸ்னோமேன். 1958-இல் அது தடை தாண்டும் போட்டியில் தேசிய வாகையர். இங்குள்ளவர்கள் ஏலத்துக்குப் போகும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்வார்கள், எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் அன்று அந்த லாரியில் ஏறிய மற்றக் குதிரைகளுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. அதையும் சேர்த்தே நினைக்கிறேன்.

சரி, வாங்குவதற்கு வருவோம்.

பருவம் முக்கியம். அக்டோபர், நவம்பரில் விலை இறங்கும், ஏப்ரலில் ஏறும். காரணம் புல். குளிர்காலம் முழுக்கத் தீனி போட வேண்டாம் என்று நினைப்பவர்கள் பனி விழுவதற்கு முன் கொண்டுவந்து தள்ளுகிறார்கள். நவம்பரில் 300 டாலர் மலிவாகக் கிடைத்தால், அந்த 300-ஐ மார்ச்சுக்குள் புல்லாக நீங்கள் போட்டுவிடுவீர்கள். லாபம் என்று எண்ண வேண்டாம்.

ஏலம் தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போங்கள். வட்டத்துக்குள் ஒரு குதிரைக்கு ஒன்றிரண்டு நிமிடம்தான் கிடைக்கும், அதில் எதுவும் பார்க்க முடியாது. பின்பக்கம் கொட்டிலில் கட்டியிருக்கும்போது பாருங்கள். என் அப்பா மாட்டுச் சந்தையில் முதலில் சுழி பார்ப்பார், அப்புறம் பல். இங்கே சுழியை விட்டுவிடலாம், பல்லை விடக் கூடாது. மேல் வரிசையில் ஓரமாக இருக்கும் வெட்டுப்பல்லில் பத்து வயது வாக்கில் ஈறை ஒட்டி ஒரு பழுப்புக் கோடு தோன்றும். பதினைந்தில் பாதிப் பல் வரை இறங்கும். இருபதில் அடிவரை வந்துவிடும். எட்டு வயது என்று சொல்லும் குதிரைக்குப் பாதிப் பல் வரை கோடு இருந்தால், சொன்னவர் சொல்லும் மற்றதையும் நம்ப வேண்டாம். தரோபிரெட் என்ற ஓட்டப் பந்தய இனக் குதிரையாக இருந்தால் மேலுதட்டைத் திருப்பிப் பாருங்கள், உள்ளே பச்சை குத்திய எண் இருக்கும். 2017-லிருந்து பிறந்த தரோபிரெட் குதிரைகளுக்குத் தோலுக்கடியில் சில்லு. அந்த எண் கிடைத்தால் பெயர், வயது, ஓடிய வரலாறு எல்லாம் கிடைத்துவிடும்.

அப்புறம் நடையைப் பாருங்கள். கெட்டியான தரையில் நேராக ஓடச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் திருப்பச் சொல்லுங்கள். முன்காலில் வலி இருந்தால் அந்தக் காலை ஊன்றும்போது தலை மேலே போகும். குளம்பைத் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் சூடாக இருக்கக் கூடாது. மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே கோடு விழுந்தால் நுரையீரல் சரியில்லை. தாடைக்கு அடியில் வீக்கம், மூக்கில் சளி இருந்தால் விலகிவிடுங்கள். ஸ்ட்ராங்கில்ஸ் என்ற தொற்று வீட்டிலிருக்கும் மற்றக் குதிரைக்கும் வரும். குதிரைகளுக்கு வரும் தொற்று இரத்தசோகை நோய் இல்லை என்று காட்டும் காகின்ஸ் பரிசோதனைச் சான்று கையில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பார்த்தும் ஏமாற வழி இருக்கிறது. எனக்கு நடந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு நவம்பரில் ஓர் ஏலத்தில் 700 டாலருக்கு ஒரு பெண் குதிரை வாங்கினேன். சாது, ஒழுங்கான நடை, எட்டு வயதுக் குழந்தை ஏறி நின்றாலும் அசையாது. விற்ற வியாபாரி தன் சொந்தப் பிள்ளைகள் சவாரி செய்த குதிரை என்றார். மூன்றாம் நாள் காலையில் லாயத்தைத் திறந்தால் முன்னங்கால் இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நிற்கிறது. தொடப் போனால் காதை மடக்குகிறது. மதுரையில் நரி பரியான கதை தெரியும் அல்லவா, பகலில் அரசன் வாங்கிய குதிரை இரவில் நரியாகி ஊளையிட்டது. அந்தக் காலையில் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. பியூட் என்று இங்கே சொல்கிற வலி மருந்து உடம்பிலிருந்து இறங்கியிருந்தது, கூடவே மயக்க மருந்தும் கொடுத்திருப்பார்கள் என்றார் மருத்துவர். எக்ஸ்ரேயில் குளம்புக்குள் இருக்கும் சிறிய எலும்பு தேய்ந்திருந்தது தெரிந்தது. வசந்தம் வருவதற்குள் 1,900 டாலர் செலவு. உள்ளபடி விற்பனை என்று சீட்டில் கையெழுத்துப் போட்டிருந்ததால் திருப்பிக் கொடுக்க வழியில்லை. இன்னும் என்னிடம்தான் இருக்கிறாள். அவளைத் திரும்ப அதே வட்டத்துக்குக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை.

அதனால் இப்போது சந்தையில் அளவுக்கு மீறிச் சாதுவாக இருக்கும் குதிரையைக் கண்டால் நான் நிதானிக்கிறேன். இமை தொங்குகிறதா, தலை முழங்கால் வரை இறங்கியிருக்கிறதா, ஆண் குதிரைக்குக் குறி வெளியே தொங்கிக்கொண்டு உள்ளே போகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தையின் சத்தத்துக்குக் கொஞ்சம் காது திருப்புகிற, கொஞ்சம் பதறுகிற குதிரை அதைவிட நம்பகமானது. வாங்கினால் வீட்டில் மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். வாளி, கயிறு எல்லாம் தனி.

அட்டவணை அச்சிட்டு நடத்தும் பெரிய ஏலங்கள் வேறு உலகம். கென்டக்கியில் பந்தயக் குதிரைகளை விற்கும் கீன்லாந்து ஏலத்தில் எக்ஸ்ரே படங்களை முன்கூட்டியே பார்க்க வைக்கிறார்கள், மரம் கடித்துக் காற்று விழுங்கும் பழக்கம் போன்றவற்றை விற்பவர் அறிவித்தாக வேண்டும். ஆனாலும் 2006-இல் ஃபுளோரிடா ஏலம் ஒன்றில் 1.6 கோடி டாலருக்கு விலைபோன தி கிரீன் மங்கி மூன்று முறை ஓடி ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. அதற்கு நேர்மாறாக, 1976-இல் 1,100 டாலருக்குப் போன ஜான் ஹென்றி 65 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தது. உங்கள் தேவைக்கு அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது வேறு. ஏலத்தில் வாங்குவதற்குப் பதிலாக, நேராக ஒரு வீட்டில் இருக்கும் குதிரையைப் பாருங்கள். தீனிச் செலவால் தவிக்கும் குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய இருக்கின்றன. அங்கே 2,000 டாலர் கேட்கலாம். ஆனால் மூன்று முறை போய்ப் பார்க்கலாம், மகளை ஏற்றிப் பார்க்கலாம், உங்கள் மருத்துவரைக் கூட்டிப் போய்ச் சோதிக்கலாம். என் பெண் குதிரைக்கு ஆன கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், 2,000 மலிவு. இன்னும் நல்லது, வாங்காமலே பாதிக் குத்தகைக்கு எடுப்பது. இன்னொருவர் லாயத்தில் இருக்கும் குதிரையை வாரத்தில் மூன்று நாள் உங்கள் மகள் ஓட்டுவாள், செலவில் பாதி உங்களுடையது. மகளுக்கு இப்போது என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. கல்லூரிக்குப் போகும் வயது நெருங்கினால், இன்னும் இருபது வருடம் இருக்கப்போகிற குதிரையை வாங்காதீர்கள்.

அப்படிச் செய்தால் பழைய குதிரை உங்களிடமே இருக்கலாம். அதை அனுப்பிவிட்டு இளையது ஒன்றை மட்டும் வாங்கினாலும், தனியாக ஒரு குதிரையைக் கட்டி வைத்தால் அது ஏங்கி வேலியோரம் நடந்து நடந்து இளைத்துவிடும், கூட்டத்தில் வாழ்கிற பிராணி. கிழவனைத் துணைக்கு வேண்டும் என்று கேட்கிற பக்கத்துப் பண்ணைகளும் உண்டு. கொடுத்தால் எழுத்தில் கொடுங்கள், விற்கக் கூடாது, வேண்டாம் என்றால் உங்களுக்கே திருப்பித் தர வேண்டும் என்று. மாதம் ஒரு முறை போய்ப் பாருங்கள்.

எதுவும் அமையவில்லை, வலியும் கூடுகிறது என்றால், அதன் சொந்த லாயத்தில், பழகிய கை கழுத்தில் இருக்கும்போது, மருத்துவரை வைத்து ஊசி போட்டு அனுப்பிவிடுங்கள். சொல்வதற்குக் கஷ்டமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். இத்தனை வருடம் உங்கள் பிள்ளையைத் தூக்கிச் சுமந்ததற்கு லாரியை விட அதுதான் நியாயம். புதைப்பதோடு சேர்த்துச் சில நூறு டாலரிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் ஆகலாம். அந்த ஊசி மருந்து உடலில் தங்கும், தோண்டித் தின்னும் கழுகும் நாயும் செத்துப்போகும். அதனால் ஆழமாகப் புதைக்க வேண்டும், உங்கள் ஊராட்சியில் விதி என்ன என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். குழி தோண்ட இயந்திரம் வேண்டும். ஜனவரியில் நிலம் உறைந்துவிடும். இந்தக் குளிர்காலத்தை அது தாங்குமா என்று மருத்துவரிடம் அக்டோபரிலேயே வெளிப்படையாகக் கேளுங்கள். தாங்கும் என்றால் அப்போதே 165 கட்டுக்குச் சொல்லி வையுங்கள், அடுத்த முறை அறுவடை நேரத்தில் வயலிலிருந்தே எடுத்தால் கட்டுக்கு ஒன்றிரண்டு டாலர் குறையும்.